நம்ம டெல்டாவுல மறக்க முடியாத நாள் எது? (ராஜராஜன் வேணாம், கடந்த நூறு வருஷம் போதும்)

மன்னை_மைந்தன்
எல்லாருக்கும் வணக்கம். டெல்டா வரலாறுன்னு நெட்ல தேடுனா பெரிய கோயில், கல்லணை, திரும்பவும் பெரிய கோயில். அதெல்லாம் பெருமைதான், இல்லங்கல, ஆனா நம்ம தாத்தா பாட்டி கண்ணால பாத்த காலம்னு ஒண்ணு இருக்குல்ல, அதப் பத்தி எவனும் எழுத மாட்டேங்கறான். அதனால இங்க கேக்கறேன், உங்க ஊர்ல பெரியவங்க இன்னிக்கும் பேசிக்கிட்டு இருக்கற ஒரு நாள், ஒரு சம்பவம் சொல்லுங்க. மாவட்டம் பிரிச்ச தேதி வேணாம். 91-ல நாகை, 97-ல திருவாரூர், 2020-ல மயிலாடுதுறை, இது எல்லாருக்கும் தெரியும், அதுல போர்டு மாறுச்சு ரப்பர் ஸ்டாம்பு மாறுச்சு அவ்ளோதான். கட்சி சண்டையும் வேணாம், ப்ளீஸ்.

வேதை_உப்புக்காத்து
இதுல யோசிக்க என்ன இருக்குண்ணே, 1930 ஏப்ரல் 30 தான். தமிழ் வருஷப் பிறப்பு அன்னிக்கு, ஏப்ரல் 13, திருச்சியில டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டுலேர்ந்து ராஜாஜி தலைமையில நூறு பேரு கணக்குல கெளம்புனாங்க. தஞ்சாவூரு, கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு நம்ம ஜில்லாவையே குறுக்கால நடந்து 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேந்தாங்க, நூத்தம்பது மைலு. 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில உப்பு அள்ளுனதும் ராஜாஜியை அரெஸ்ட் பண்ணி ஆறு மாசம் உள்ள தள்ளுனாங்க. அப்ப தஞ்சாவூரு கலெக்டர் தார்ன். இந்த ஆளுங்களுக்கு சோறு போட்டாலோ படுக்க எடம் குடுத்தாலோ ஜெயிலுன்னு தமிழ்ல நோட்டீஸ் அடிச்சு, தண்டோரா போட்டு சொல்லிட்டாரு. சனங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா, சோத்துப் பொட்டலத்தை ரோட்டோர மரத்துல கட்டித் தொங்க விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. யாரு குடுத்தான்னு எந்த போலீஸு கண்டுபிடிப்பான்? மரத்தையா அரெஸ்ட் பண்ண முடியும்!

எங்கூரு சர்தார் வேதரத்தினம் பிள்ளை சொத்தே பறிபோச்சு இதுல. ஆனா எனக்குப் புடிச்ச ஆளு வைரப்பன். முடிதிருத்துற தொழில். ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கறப்ப உக்காந்திருக்கறது மப்டியில வந்த போலீஸ்காரன்னு தெரிஞ்சதும் பாதி முகத்தோட அப்டியே நிறுத்திட்டாரு, மீதியப் பண்ண மாட்டேன்னுட்டாரு. ஜெயிலுக்குப் போனாரே தவிர கத்திய எடுக்கல. வேதாரண்யத்துல அவருக்கு நினைவுத்தூண் இருக்கு, கோயிலுக்கு வர்றவங்க பாதிப் பேரு அதப் பாக்காமலே போயிடுறாங்க, அதான் கடுப்பு.

டிகிரி_காபி
கும்பகோணத்தையும் சேத்துக்கோங்க. கலெக்டர் உத்தரவு போட்டப்புறமும் பந்துலு ஐயர் தன் வீட்டுல எல்லாருக்கும் எடம் குடுத்து சாப்பாடு போட்டாரு, அதுக்கு அவரைப் புடிச்சு உள்ள வச்சாங்க. மரத்துல கட்டுறது ஒரு தைரியம்னா வாசக்கதவைத் தெறந்து வச்சு எல போடறது இன்னொரு தைரியம். எங்க ஊர்ல மகாமகம்னா எல்லாருக்கும் தெரியும், பந்துலு ஐயர்னா நூத்துல ஒருத்தருக்குக்கூடத் தெரியாது.

தென்பறை_பேரன்
நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 1930-ல அந்த நூறு பேரு மன்னார்குடி தாண்டி நடந்து போனப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயல்ல குனிஞ்சு நின்னவங்க யாரு? பண்ணையாளுங்க, மிராசுதாரு நெலத்துல அடிமை மாதிரி கட்டுப்பட்டு ஒழைச்சவங்க. அவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலமும் சவுக்கடி உண்டு. உப்புக்கு வரி கூடாதுன்னு ஊரே எந்திரிச்சப்பவும் அந்தச் சவுக்கு அப்டியேதான் இருந்துச்சு. சவுக்கையும் சாணிப்பாலையும் நிறுத்துனது பதினாலு வருஷம் கழிச்சு, 1944-ல, மிராசுதாருங்களும் விவசாயிங்க சங்கமும் போட்ட மன்னார்குடி ஒப்பந்தம். எங்க பக்கத்துல பெரியவங்களைக் கேட்டா நாள்னா அதான் நாளு.

தெரியாதவங்களுக்கு: சாணிப்பால்னா பசுஞ்சாணியத் தண்ணியில கரைச்சு குடிக்க வைக்கறது. வேலைக்கு லேட்டா வந்தா, எதுத்துப் பேசுனா, காரியக்காரருக்கு, அதான் பண்ணைய மேப்பார்க்கற ஆளுக்கு, புடிக்கலன்னா. இது கதை இல்ல, ஒப்பந்தத்துலயே இனிமே சாணிப்பால் குடுக்கக் கூடாது, சவுக்கால அடிக்கக் கூடாதுன்னு எழுதி கையெழுத்துப் போட்டாங்கன்னா அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்னு பாத்துக்கோங்க. கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்கால்ல அளக்கணும்ங்கறதும் அப்பத்திக் கோரிக்கைதான்.

இதுக்கெல்லாம் சங்கம் கட்டுனவரு பி. சீனிவாசராவ். கன்னடத்துக்காரரு, 43-ல இங்க வந்தாரு, குடிசையில தங்கி, அவங்க சோத்தைத் தின்னு, அடிச்சா திருப்பி அடின்னு சொல்லிக் குடுத்தாரு. 61-ல செத்தாரு, திருத்துறைப்பூண்டியில அவரு நினைவிடம் இருக்கு. செப்டம்பர் 30 வந்தா எங்க அப்பாயி பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வரும், உசுரோட இருந்த வரைக்கும். சாமி கும்புடுதோ இல்லையோ அதுக்குப் போகாம இருந்ததில்ல.

மிராசு_வீட்டுப்_பையன்
தம்பி, நீங்க சொல்றது சரி, மறுக்கல. ஆனா எல்லாப் பண்ணையும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னு எழுதாதீங்க. எங்க தாத்தா காலத்துல தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்கு நெல்லு, கல்யாணம் காட்சின்னா தனியா செய்வாங்க. நல்லது கெட்டது ரெண்டும் இருந்துச்சு. எங்களைக் கேட்டா மறக்க முடியாத வருஷம் 1952 தான். ஆகஸ்ட்ல அவசரச் சட்டம் வந்துச்சு, தஞ்சாவூர் ஜில்லா சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு. குத்தகைக்காரருக்கு விளைச்சல்ல அஞ்சுல ரெண்டு பங்கு, பண்ணையாளைக் காரணம் இல்லாம நிறுத்தக் கூடாதுன்னு. கொண்டு வந்தது யாரு? அதே ராஜாஜி, அப்ப அவரு முதலமைச்சரு. எங்க பக்கத்து அக்ரஹாரத்துல பாதி வீடு காலியானதுக்கு ஆரம்பம் அதான்னு எங்க அப்பா சொல்லுவாரு. நெலத்த வித்துட்டு மெட்ராஸ்ல குமாஸ்தா வேலைக்குப் போனாங்க, மாம்பலத்துல ஒண்டுக்குடித்தனம்.

தென்பறை_பேரன்
அண்ணே, தீபாவளித் துணிக்கும் சாணிப்பாலுக்கும் கணக்கு நேராகாதுண்ணே. அந்தச் சட்டத்தையும் எப்டி வளைச்சாங்கன்னு சொல்லுங்க. பண்ணையாளுக்குத்தானே பாதுகாப்பு, எங்ககிட்ட பண்ணையாளே கெடையாதுன்னு சொல்லிட்டு அதே ஆளை மறுநாள்லேர்ந்து தினக்கூலின்னு ஆக்குனாங்க. அதுக்கப்புறம் வருஷத்துல வேலை இருக்கற நாள் மட்டும் சோறு, இல்லாத நாள் பட்டினி. சட்டம் எங்களைக் காப்பாத்துன லட்சணம் அது.

மிராசு_வீட்டுப்_பையன்
அதுவும் நடந்துச்சு. இல்லன்னு சொல்லல.

நாகை_ஹார்பர்
52-ன்னு பேச்சு எடுத்ததும் எனக்கு ஞாபகம் வர்றது வேற. எங்க பக்கம் 52-ன்னா புயல்தான், நவம்பர் 30. அப்புறம் 55-ல ஒண்ணு, 77-ல நவம்பர் 12 ஒண்ணு. எங்க வீட்டுல வயசு சொல்றதே இப்டித்தான், "பெரியவன் பொறந்தது புயலடிச்ச வருஷம், சின்னவன் அதுக்கு மறு சம்பாவுல". ரேஷன் கார்டுல வயசு எழுத வந்தவரு தலையில கை வச்சிக்கிட்டாராம்.

ஒரத்தநாடு_புதுஆறு
எல்லாரும் பழைய டெல்டாவையே பேசறீங்க, எங்களையும் கொஞ்சம் பாருங்க. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி இதெல்லாம் 1934-க்கு முன்னாடி காவிரித் தண்ணி பாக்காத மண்ணு. வானம் பாத்தா விளைச்சல், இல்லன்னா இல்ல. மேட்டூர் அணை கட்டி முடிச்சு 34 ஆகஸ்ட் 21-ல தெறந்தாங்க, அந்த அணைய நம்பித்தான் கல்லணையிலேர்ந்து கல்லணைக் கால்வாய வெட்டுனாங்க, எங்களுக்கு அது புது ஆறு. தொண்ணூறு வருஷம் ஆயும் பேரு புது ஆறுதான். தஞ்சாவூரு டவுனுக்குள்ள பஸ்ஸ்டாண்டு போறவங்க எல்லாம் தாண்டிப் போறது அதத்தான், பழைய டெல்டாக்காரங்க அதையும் வாய்க்கால்னு சொல்லிட்டுப் போவாங்க.

1924-ல காவிரியில வந்த பெருவெள்ளம் கேள்விப்பட்டிருப்பீங்க. வெள்ளம் வந்தா ஊரை அழிக்கறது, வரலன்னா வயலைக் காய வைக்கறது, ரெண்டுக்கும் சேத்துதான் அந்த அணை. நெறைஞ்சா 120 அடி, 93.47 டிஎம்சி. இந்த ரெண்டு நம்பரும் எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். காலையில டீக்கடையில மொதக் கேள்வியே "இன்னிக்கு எத்தன அடி?" தான். வரத்து எவ்ளோ, தெறப்பு எவ்ளோ, கல்லணையிலேர்ந்து வெண்ணாத்துக்கு எவ்ளோ, நமக்கு எவ்ளோன்னு அதுக்கப்புறம்தான் டீயே போடுவாரு மாஸ்டரு.

எங்களுக்குத் தேதின்னா ஜூன் 12. அன்னிக்கு மேட்டூர் தெறந்தா குறுவை நெல்லு சாகுபடி, இல்லன்னா இல்ல. 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதிக்குத் தண்ணி வரல. எட்டு வருஷம்! ஸ்கூல்ல சேத்த பய எட்டாவது போயிடுவான். 2020-லதான் ஜூன் 12-க்குத் தெறந்தாங்க, அப்ப கொரோனா, அதுலயும் நாங்க மாஸ்க்கப் போட்டுக்கிட்டு மதகுக்கிட்ட நின்னு பூ போட்டோம். 22-ல மே 24-லயே தெறந்தாங்க, சுதந்திரத்துக்கப்புறம் மே மாசத்துல தெறந்தது அதான் மொத தடவ, நாத்தாங்கால் கூட உழுகல நாங்க.

கடைமடை_காரன்
உங்களுக்காவது கல்லணையில தெறந்தா தண்ணி வருது. ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை எங்களுது, எங்களுக்கு அங்க பூ போட்டு பத்து நாளு கழிச்சு வாய்க்கால்ல மொதல்ல வர்றது பிளாஸ்டிக் பாட்டிலு, அப்புறம் ஆகாயத்தாமரை, அப்புறம்தான் தண்ணி. முறை வச்சு விடுறப்ப லஸ்கர் (மதகு தெறந்து மூடற ஆளு) பின்னாடியே டார்ச் எடுத்துக்கிட்டு ராத்திரி ஷட்டரு ஷட்டரா போவோம், மேல உள்ள ஊர்க்காரன் நம்ம முறையில பலகையப் போட்டு அடைச்சிருப்பான். மாநிலத்துக்கு மாநிலம் சண்டைன்னு பேப்பர்ல படிக்கறீங்களே, அதே சண்டை ஒவ்வொரு மதகுலயும் இருக்கு.

இன்னொண்ணு, காவிரி கேஸ்னா கட்சிக்காரங்க போட்டதுன்னு நெனைக்கறாங்க. 1983-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது நம்ம டெல்டா விவசாயிங்க சங்கம். 90-ல ட்ரிப்யூனல் வந்துச்சு, 91-ல இடைக்காலத் தீர்ப்பு, 2007-ல இறுதித் தீர்ப்பு, 2018-ல சுப்ரீம் கோர்ட்டு அதையும் குறைச்சு 177.25 டிஎம்சின்னு நிறுத்துச்சு. மொதல்ல மனு போட்டப்ப பொறந்த புள்ளைக்கு தீர்ப்பு வந்தப்ப புள்ளைங்க இருந்திருக்கும்.

மன்னை_மைந்தன்
சூப்பரா போகுது. கீழ்வெண்மணி பத்தி இன்னும் யாரும் சொல்லல. நானே ஆரம்பிக்க வேணாமேன்னு பாத்தேன்.

தென்பறை_பேரன்
சொல்றேன். 1968 டிசம்பர் 25. வயல்ல வேலை பாத்தவங்க கூலி நெல்லு அரைப்படி கூடக் கேட்டாங்க. மிராசுதாருங்க சங்கத்துலேர்ந்து வெளிய வான்னாங்க, வரல. ராத்திரி அடியாளுங்க வந்து தெருவக் கொளுத்துனப்ப ஓட முடியாதவங்க ஒரு குடிசைக்குள்ள போயி ஒளிஞ்சாங்க. பொம்பளைங்க, வயசானவங்க, புள்ளைங்க. அந்தக் குடிசைய வெளியில பூட்டி நெருப்பு வச்சாங்க. 44 பேரு. கீழ்க்கோர்ட்டுல தண்டனை குடுத்தாங்க, ஹைகோர்ட்டுல மிராசுதாருங்கள விட்டுட்டாங்க, காரு வச்சிருக்கற பெரிய மனுசங்க நேர்ல நடந்து போயி இதச் செஞ்சிருப்பாங்கன்னு நம்ப முடியலன்னு சொல்லி. கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே கூலி பத்தி விசாரிக்க கணபதியா பிள்ளை கமிஷன் போட்டாங்க, 69-ல நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு. கேட்டது அரைப்படி நெல்லு, அதுக்குச் சட்டம் வர 44 பேரு சாகணுமா. வருஷா வருஷம் டிசம்பர் 25-ல அங்க போறேன். வேற எதுவும் இதப்பத்தி டைப் பண்ண வரல எனக்கு.

வேதை_உப்புக்காத்து
தம்பி, நான் 1930 சொன்னப்ப நீ சொன்ன பாயின்ட் இப்பதான் எனக்கு முழுசா ஏறுது. நடந்து போன ரோடும் நீ சொல்ற ஊரும் ஒரே லைன்ல இருக்கு. ஆனா அதுக்காக 1930-ஐ கீழ எறக்கிடாத. ராஜாஜி அந்தப் பயணத்துலயே, தீண்டாமை பாக்கற கோயிலுக்குள்ள நாங்க வர மாட்டோம்னு நின்னாரு, அதுவும் இருக்கு.

தென்பறை_பேரன்
எறக்கலண்ணே. பக்கத்துல வைங்கன்னுதான் சொல்றேன்.

பேராவூரணி_தென்னந்தோப்பு
அண்ணன்மார்களே, ஒரு பொம்பளைப் புள்ளையும் பேசலாமா. நீங்க சொல்ற எதையும் நான் பாக்கல, கஜா புயலப் பாத்தேன். 2018 நவம்பர் 15 ராத்திரி, 16 விடியக்காலை. டிவியில நாகை வேதாரண்யம்னு சொன்னதால நாங்க அசால்ட்டா இருந்தோம், எங்களுக்கு என்னா வரப் போகுது, மழ பெய்யும்னு. ரெண்டு மணிக்கு மேல காத்து ஒரு பக்கத்துலேர்ந்து அடிச்சுது, ஓடு பறக்குது, கதவுக்கு நானும் அம்மாவும் முதுகக் குடுத்து உக்காந்திருக்கோம். திடீர்னு நின்னு போச்சு. அப்பா டார்ச் எடுத்துக்கிட்டு மாடு பாக்க வெளிய போக எந்திரிச்சாரு. அம்மாச்சிதான் கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சுது, இப்ப போகாதடா, இது திரும்பி வரும், 52-லயும் இப்டித்தான் நின்னுட்டு மறுபக்கம் அடிச்சுதுன்னு. கால் மணி நேரம்கூட ஆகல, எதுத்த தெசையிலேர்ந்து வந்துச்சு பாருங்க, மொதக் காத்துல சாஞ்சு நின்ன மரத்தையெல்லாம் இந்தக் காத்து புடிச்சு முறுக்கிடுச்சு. மாட்டுக் கொட்டாய் இருந்த எடத்துல விடிஞ்சு பாத்தா கொட்டாயே இல்ல. அப்பா போயிருந்தாருன்னா அவ்ளோதான்.

விடிஞ்சதும் பாத்தா எங்க வீட்டுலேர்ந்து பக்கத்து ஊரு பள்ளிவாசல் தெரியுது. அதுக்கு முன்னாடி தோப்பு மறைச்சிருந்துச்சு, எங்க வாழ்நாள்ல அங்க ஒரு மினாரு இருக்குன்னு வீட்டுலேர்ந்து பாத்ததில்ல. கரண்ட் வர பல வாரம் ஆச்சு. ஆட்டோவுல ஜெனரேட்டர ஏத்திக்கிட்டு தெருத்தெருவா வருவாங்க, மோட்டர ஓட்டி டேங்க் ரொப்பிக் குடுத்துட்டு காசு வாங்கிட்டுப் போவாங்க, அப்பவே எல்லா செல்லையும் சார்ஜ் போட்டுக்கணும். விழுந்த மரத்தை வெட்டி எடுக்கறதுக்கு மரத்தோட நிவாரணத்தை விட கூலி ஜாஸ்தி. புது கன்னு வச்சா காய்க்க அஞ்சாறு வருஷம். இப்பதான் ஏதோ பாளை வருது. எங்க பக்கம் சின்னப் புள்ளைங்க இப்ப "கஜாவுக்கு முன்னாடி, கஜாவுக்குப் பின்னாடி"ன்னுதான் பேசுது.

ஒரத்தநாடு_புதுஆறு
ஆமா தங்கச்சி. அதே வருஷம் ஆகஸ்ட்லதான் காவிரியில வெள்ளம் வந்து முக்கொம்புல ஒம்போது ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போச்சு, ஆர்தர் காட்டன் 1830-கள்ல கட்டுன மேலணை. மேல அணை ஒடையுது, கீழ கடைமடைக்குத் தண்ணி வரல, மூணாவது மாசம் புயல். 18-ஐ எந்தப் புஸ்தகத்துல போடுவாங்களோ தெரியல.

நாகை_ஹார்பர்
தங்கச்சி சொன்னதப் படிச்சுட்டு நானும் ரெண்டு வரி. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, சுனாமி. எங்க மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி. நான் அப்ப ஒம்போதாவது. கோடியக்கரையில சோழர் காலத்துதுன்னு சொல்ற பழைய கலங்கரை விளக்கம் நின்னுச்சே, அதுவும் அன்னிக்குத்தான் போச்சு. மீதிய எழுத மாட்டேன்.

சூடாமணி_விகாரம்
ரூல்ஸ மீறறேன், மன்னிச்சு விட்ருங்க. எல்லாரும் சாவும் புயலுமா போட்டு மனசு கனத்துப் போச்சு. நாகப்பட்டினத்துல கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பௌத்த கோபுரம் இருந்துச்சு, கப்பல்காரங்களுக்கு அடையாளமே அதுதான், 1867-ல இடிச்சுட்டாங்க. அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் குடுத்த செப்பேடு…

மன்னை_மைந்தன்
ராஜராஜன் வந்துட்டாரு பாத்தீங்களா. ஐயா தனி இழை ஆரம்பிங்க, மொத ஆளா வர்றேன்.

ஆழித்தேர்_அலங்காரம்
சந்தோஷமா ஒண்ணு நான் சொல்றேன். திருவாரூர் ஆழித்தேர் ரொம்ப வருஷம் ஓடாம ஒரே எடத்துல நின்னுச்சு. 1970-ல திரும்ப ஓடுச்சு. அலங்காரத்தோட 96 அடி, முன்னூறு டன்னு. எங்க பெரியப்பா வடம் புடிச்சிருக்காரு, அந்த மொத அசைவு இருக்கு பாரு, அது மூணு தடவ ஏமாத்திட்டு நாலாவது தடவ வந்துச்சும்பாரு. முட்டுக்கட்டை போடற ஆளுங்கதான் ஹீரோ, திருப்பத்துல சக்கரத்துக்கு முன்னாடி கட்டையைத் தள்ளிட்டு கைய எடுக்கணும், ஒரு நொடி லேட்டானா கை இல்ல. இப்ப திருச்சி பெல் கம்பெனி செஞ்சு குடுத்த இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக்கு. ஆனாலும் கட்டை போடத்தான் செய்யறாங்க, பிரேக்கு மேல அவங்களுக்கு நம்பிக்கை இல்ல.

டிகிரி_காபி
வேதாரண்யம் போறவங்களுக்கு ஒரு தகவல். திருத்துறைப்பூண்டி டு அகஸ்தியம்பள்ளி ரயிலு 2023 ஏப்ரல்லேர்ந்து திரும்ப ஓடுது, 37 கிலோமீட்டரு. முன்ன உப்பு ஏத்துன லைனு அது. உப்பளம் பாத்துட்டு வர்றதுக்கு நல்லாருக்கும்.

மிராசு_வீட்டுப்_பையன்
தென்பறை தம்பிக்கு. எங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட பேரேடு இருக்கு, நாப்பதுகள்ல எழுதுனது, யாருக்கு எத்தன கலம், எத்தன மரக்கா, எல்லாம் பேரோட. கரையான் ஓரத்துல தின்னுருக்கு, படிக்கலாம். உங்களுக்கு வேணும்னா வந்து போட்டோ எடுத்துக்கோங்க. பேரேட்ட வெளிய குடுக்க மாட்டேன்.

தென்பறை_பேரன்
கட்டாயம் வர்றேண்ணே. எங்க பாட்டன் பேரு இருக்கான்னு பாக்கணும். கூலி அளந்த மரக்கா இருக்கா?

மிராசு_வீட்டுப்_பையன்
இருக்கு. ரெண்டு இருக்கு.

தென்பறை_பேரன்
ரெண்டும் ஒரே அளவாண்ணே?

மிராசு_வீட்டுப்_பையன்
அளந்து பாத்ததில்ல தம்பி. பாத்தா ஒண்ணு கொஞ்சம் குட்டையாத்தான் இருக்கு.

கடைமடை_காரன்
வாங்கறதுக்கு ஒண்ணு, குடுக்கறதுக்கு ஒண்ணு. எங்க தாத்தா சொன்னப்ப நான் நம்பல.

தென்பறை_பேரன்
ஞாயித்துக்கிழமை வர்றேண்ணே. நெல்லு நான் கொண்டாறேன், ரெண்டுலயும் அளந்துருவோம்.

மன்னை_மைந்தன்
நானும் வர்றேன். அட்ரஸ் இங்க போடாதீங்க, தனி மெசேஜ்ல அனுப்புங்க.